ஒரு குளிசையில் எவ்வளவு இருக்கிறது

இன்று காலை சமையலறைச் சன்னலடியில் ஒரு கண்ணாடிக் குவளை இருந்தது. பாதி அளவுக்குத் தண்ணீர். அடியில் வெள்ளையாக மா படிந்திருந்தது. கையில் தூக்கியதும் அந்த மா புகைபோல எழும்பி, மெதுவாக மறுபடி படிந்தது. வைத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் நான் ஒருவன்தான். நீர் என்னை விட்டுப் போய் இரண்டு மாரிகாலம் கழிந்துவிட்டது. கதவு உள்ளே பூட்டித்தான் இருந்தது. திரும்பவும் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தேன். பிறகுதான் மேசையில் என்னுடைய பிரசர் குளிசை அட்டை திறந்தபடி கிடப்பதைக் கண்டேன். எழும்பியதும் குளிசை போடப் போயிருக்கிறேன். வாயில் போடாமல் தண்ணீருக்குள் போட்டிருக்கிறேன். அது உடைந்து கரையும்வரை, நீர் வழக்கமாக நிற்கும் அதே இடத்தில், உம்மைப் போலவே நின்று பார்த்திருக்கிறேன். ஒன்றும் ஞாபகமில்லை.

இதை யாரிடம் சொல்ல? உமக்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நாங்கள் கலியாணம் செய்து பாரிசில், லா சப்பலில் இந்த வீட்டுக்கு வந்த முதல் கிழமையே உம்முடைய குவளைகளைக் கண்டுவிட்டேன். வெளியே மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் போகும்போதெல்லாம் சன்னல் அதிரும். குவளைத் தண்ணீரில் சின்னச் சின்ன வட்டங்கள் எழும். ஒன்றில் தலையிடிக் குளிசை, ஒன்றில் காய்ச்சல் குளிசை, இன்னொன்றில் யாரோ தந்த விற்றமின்.

"இதென்னப்பா?" என்று கேட்டேன்.

"சும்மா. எப்பிடி உடையுதெண்டு பாக்கிறன்."

"உடைஞ்சு?"

"ஒண்டுமில்லை. நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப்போகுது."

அதற்கு மேல் கேட்கவில்லை. இரண்டாயிரத்து ஒன்பதுக்குப் பிறகு வன்னியிலிருந்து வந்து சேர்ந்தவர்களிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று லா சப்பலில் எல்லோருக்கும் ஓரளவு தெரிந்திருந்தது. நான் அப்போது கோப்பை கழுவிய உணவகத்தில் ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையப் பக்கத்திலிருந்து வரும் ஒருவர் இருந்தார். பெரிய சட்டி ஒன்று கீழே விழுந்தால் அவர் அப்படியே நிலத்தில் குந்திவிடுவார். யாரும் ஒன்றும் சொல்லமாட்டோம்; சட்டியை எடுத்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். உம்மைப் பற்றி எனக்குத் தெரிந்ததும் கொஞ்சம்தான். யாழ்ப்பாணத்தில் மருந்தாளர் படிப்பை முடித்து வன்னி ஆசுபத்திரி ஒன்றில் மருந்து கொடுக்கும் பகுதியில் வேலை செய்தீர். சண்டையின் கடைசிவரைக்கும் அங்கே நின்றீர். தாய் தகப்பன் முதலே இல்லை. ஒரு தம்பி இருந்தான். அவனும் அங்கேயே போய்விட்டான். அவ்வளவுதான்.

உணவக வேலையை விட்டு நான் நகரத்துக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவைத் தாண்டி இருந்த மருந்துத் தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டுகிற வேலைக்குப் பயிற்சி எடுத்துச் சேர்ந்தேன். உம்முடைய ஊர்ப் படிப்பை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அதற்காக நீர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கவுமில்லை. பிரெஞ்சு படித்தீர், ஆய்வுகூடப் பயிற்சி ஒன்றை முடித்தீர், நான் வேலை செய்த அதே இடத்தில் சோதனைப் பிரிவுக்கு வந்தீர். காலையில் கார் து நோர் நிலையத்தில் ஒன்றாக ரயில் ஏறுவோம். நீர் எப்போதும் சன்னல் பக்கம். புறநகர்ச் செவ்ரானில் இருந்து பாரிசுக்குள் வேலைக்கு வரும் எங்கடை ஆட்கள் எதிர்ப் பக்க ரயிலில் நெருக்கியடித்துக்கொண்டு வர, நாங்கள் மட்டும் காலியான பெட்டியில் வெளியே போவோம். "நாங்கள் எல்லாத்துக்கும் எதிர்த் திசையிலதான் போறம்" என்று சொல்லிச் சிரிப்பீர்.

நீர் சேர்ந்த வருடம் எங்கள் பிரிவுக்கு ஒரு புது மருந்து பரீட்சார்த்தமாகச் செய்து பார்க்க வந்தது. வலிப்புக்கான மருந்து. நீர் அந்தப் பெயரை இரண்டு தடவை வாசித்தீர். கையுறையைக் கழற்றி மறுபடி போட்டீர்.

அதைத் தூளாகத்தான் கொண்டுவருவார்கள். தூளை அப்படியே குளிசை அடிக்கும் இயந்திரத்தில் கொட்டினால் ஒழுங்காக ஓடாது. ஒரு அச்சுக்குள் கூட விழும், அடுத்ததற்குள் குறைய விழும். அதற்காகத்தான் முதலில் தூளைக் குறுணியாக்குவது. வேறு மருந்தென்றால் ஈரம் விட்டுக் குழைத்து, காயவைத்து, அரித்து எடுக்கலாம். பிட்டுக்கு மா குழைக்கிற கைவேலைதான், பெரிய அளவில். இந்தத் தூளோ ஈரத்தைக் கண்டால் பிசினாகிவிடும். ஆகவே உலர்ந்தபடியே குறுணியாக்க வேண்டும். மேலே ஒரு திருகு தூளைத் தள்ளிக்கொண்டு வரும். எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருக்கு உருளைகள் அதைக் கவ்வி நெரித்து, தட்டையான பட்டியாக வெளியே விடும். கீழே இருக்கும் அரைப்பான் அந்தப் பட்டியை உடைத்து வலைக்கூடாக அனுப்பும். வலைக்குக் கீழே விழுவது குறுணி.

திருகின் வேகம், உருளைகளின் வேகம், அழுத்தம், உருளைகளுக்கு நடுவில் விடும் இடைவெளி, வலையின் கண் ஆகியவை என் கையில் இருந்தன. வந்த பட்டி எவ்வளவு இறுக்கம், குறுணியில் எவ்வளவு தூசு, அடித்த குளிசை எவ்வளவு உறுதி, தண்ணீரில் எவ்வளவு நேரத்தில் உடைகிறது என்பவை உம்முடைய கையில். நான் திருப்புவேன், நீர் அளந்து சொல்வீர். எங்கள் பிரிவுக்குப் பொறுப்பான பிரெஞ்சுப் பெண்ணை எல்லோரும் மதாம் என்றே கூப்பிடுவோம். அமைதியானவர். ஒரு தடவையில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்று ஒருநாளும் தெரியாது என்பார்.

முதல் கிழமை குறைந்த அழுத்தத்தில் ஓட்டினோம். பட்டி பிஸ்கட்டைப் போலக் கையிலேயே உதிர்ந்தது. குறுணியில் பாதி தூசு. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று நீர் அரிதட்டைத் தட்டிக் காட்டித் தலையை ஆட்டினீர்.

"ஓடுதில்லை. ஒரு குளிசைக்கும் மற்றதுக்கும் நிறை வித்தியாசம்."

"அழுத்தத்தைக் கூட்டட்டோ?"

"மதாமைக் கேளுங்கோ. கொஞ்சமாக் கூட்டுங்கோ."

கூட்டினோம். பட்டி சிலேட்டுத் துண்டு மாதிரி வந்தது. முறித்தால் டக்கென்று சத்தம் கேட்டது. தூசு குறைந்தது, குறுணி மணலைப் போல ஓடியது. நான் பெரிய ஆள் போல உமக்குக் கட்டைவிரலைக் காட்டினேன். பின்னேரம் குளிசை அடித்துப் பார்த்தபோது அதன் விளிம்புகள் உதிர்ந்து கொட்டின. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குறுணி இவ்வளவு உறுதி, குளிசை ஏன் இவ்வளவு பலவீனம்? ரயிலில் வரும்போது நீர் விளங்கப்படுத்தினீர். தூளுக்கு ஒட்டுகிற சக்தி ஓரளவுதான் இருக்கிறதாம். உருளையிலேயே முழுவதையும் நெரித்து எடுத்துவிட்டால், குளிசை அடிக்கும்போது ஒன்றோடொன்று ஒட்ட அதனிடம் மிச்சமில்லையாம். "களைச்சுப் போன மா" என்றீர். பிறகு சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தீர்.

இயந்திரத்தில் அந்த விபரீதம் நடந்தது அதற்கு அடுத்த கிழமை. நீர் அதைப் பற்றிப் பிறகு பேச விரும்பவில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தொழிற்சாலைக்கு வேலை வேகமாக முடிய வேண்டியிருந்தது. உருளைகளை வேகமாகச் சுழற்றிப் பார்க்கச் சொல்லி மேலிருந்து வந்தது. வேகம் கூடினால் தூள் உருளைகளுக்கு நடுவில் நிற்கும் நேரம் குறையும். அதற்குள் இருக்கும் காற்று வெளியேற நேரம் கிடைக்காது. அதற்கு ஈடுகொடுக்கத் திருகையும் வேகமாக்கினோம். அன்றைக்கு உருளைகளின் பக்கத் தடுப்பு ஒன்று தேய்ந்திருந்தது போலும். நெரிபட இடமில்லாத தூள் ஓரத்தால் பீறிக்கொண்டு வந்தது. தட்டு நிறைந்து, விளிம்பால் வழிந்து, நிலத்தில் வெள்ளையாகக் கொட்டியது. நான் நிறுத்தும் பொத்தானை அமத்தினேன்.

அப்போது சோதனைக்கு மாதிரி எடுக்க நீர் உள்ளே வந்திருந்தீர். நான் திரும்பிப் பார்க்கையில் நிலத்தில் முழங்காலில் நின்றீர். இரண்டு கையாலும் தூளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தீர்.

"அள்ளுங்கோ, அள்ளுங்கோ! நனையப்போகுது! தறப்பாளை இழுங்கோ!"

தமிழில்தான் கத்தினீர். அந்த அறையில் ஈரமே கிடையாது. காற்றைக்கூட உலரவைத்துத்தான் உள்ளே விடுவார்கள். மதாம் ஓடி வந்தார். உம்முடைய தோளைத் தொடப் போய்த் தொடாமல் நின்றார். "என்ன சொல்கிறார்?" என்று என்னைக் கேட்டார். அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் அது விளங்கியது. மழை வருகிறது, மூடுகிற தறப்பாள் சீலையை இழுக்கச் சொல்கிறார் என்றேன். மதாம் வெளியே பார்த்தார். நல்ல வெயில். திரும்பவும் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் அன்றைக்குப் போகச் சொன்னார்.

தொழிற்சாலைக்கு வெளியே பஸ் நிற்கும் இடத்தில் உட்கார ஒரு வாங்கு இருக்கிறதே, அதில் இருந்தோம். உம்முடைய நகக்கண்ணில் இன்னும் அந்த வெள்ளை இருந்தது. ஒரு பஸ் வந்து நின்று போனது. நீர் எழும்பவில்லை. பிறகு நீராகவே தொடங்கினீர்.

"தம்பிக்குச் சின்னனில இருந்தே வலிப்பு. ஒழுங்காக் குளிசை போட்டா ஒண்டும் இல்லை. பந்தடிப்பான், சைக்கிள் ஓடுவான், எல்லாம் செய்வான்."

ஆசுபத்திரி ஒவ்வொரு இடமாகப் பெயர்ந்து பெயர்ந்து கடைசியில் ஒரு கொட்டிலுக்கு வந்தது என்றீர். மருந்து வருவது நின்றுவிட்டது. வலிப்புக் குளிசையில் ஒரு டப்பா மட்டும் மிச்சம் இருந்தது. அதை நீர் பங்கருக்குள் வைத்திருந்தீர். மழை பெய்து பங்கருக்குள் தண்ணீர் வந்தது. டப்பாவைத் திறந்தால் குளிசை என்று ஒன்றும் இல்லை. எல்லாம் ஊறிக் களியாகிக் கிடந்தது.

"நான் அதை எறியேல்லை. எறிஞ்சா வேறை என்ன இருக்கு? தறப்பாளில பரவிக் காய வைச்சன். காஞ்சாப்பிறகு பிளேட்டால சுரண்டிச் சுரண்டி, கடதாசியில பங்கு பிரிச்சன். வலிப்புக்காரர் கனபேர் அங்கை இருந்தவை. எல்லாருக்கும் குடுக்க வேணும். தம்பிக்கும் ஒரு பங்கு. மற்றாக்களுக்குக் குடுத்த அளவுதான் அவனுக்கும்."

நீர் கைகளை மடியில் வைத்து விரித்துப் பார்த்தீர்.

"ஆனா, எந்தப் பங்குக்குள்ள எவ்வளவு மருந்து இருந்தது எண்டு ஆருக்குத் தெரியும்? ஒண்டுக்குள்ள வெறும் மா இருந்திருக்கும். ஒண்டுக்குள்ள முழு மருந்தும் இருந்திருக்கும். பாத்தா எல்லாம் ஒரே வெள்ளை. அண்டைக்கு அவனுக்கு வலிப்பு வந்தது. நிக்கேல்லை. என்ரை மடியிலதான் கிடந்தவன். நிக்கவே இல்லை."

இன்னொரு பஸ் வந்தது. சாரதி எங்களைப் பார்த்துக் கதவைத் திறந்து, கொஞ்சம் பொறுத்து, மூடிக்கொண்டு போனார்.

"நான் அவனுக்குக் கூடக் குடுத்தனோ, குறையக் குடுத்தனோ? சொல்லுங்கோ. நீங்களும் இப்ப இந்த வேலைதானே செய்யிறியள். சொல்லுங்கோ."

"தெரியேல்லையப்பா" என்றேன்.

ஆறுதலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு வந்தது அதுதான். நீரும் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினீர். பிறகு என் தோளில் சாய்ந்து கண்ணை மூடினீர். மூன்றாவது பஸ்ஸில் ஏறினோம்.

அதற்குப் பிறகு எனக்கும் அந்த இயந்திரம் முன்பிருந்த இயந்திரமாக இல்லை. உருளைகள் கவ்வும்போது ஒரு மெல்லிய முனகல் சத்தம் வரும். காதடைப்புப் போட்டாலும் கேட்கும். முன்பு அது வெறும் சத்தம். இப்போது அதற்குள் யாரோ கிடப்பதுபோல இருந்தது. பட்டி வெளியே நீண்டு வரும்போது, இந்தத் துண்டில் இருப்பது யாருக்குப் போகும், அடுத்த துண்டில் இருப்பது யாருக்கு என்று மனம் போய்விடும். நீர் சோதனைப் பிரிவில் குனிந்து நிற்பது கண்ணாடிக்கூடாகத் தெரியும். சில வேளைகளில் உமக்குப் பக்கத்தில் இன்னொருவன் நிற்பதாகப்பட்டு இரண்டாவது தடவை பார்ப்பேன். ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

மதாம் உம்மை வேறு வேலைக்கு மாற்றவா என்று கேட்டார். நீர் மாட்டேன் என்றீர். "இதை முடிச்சிட்டுத்தான்" என்றீர்.

பக்கத் தடுப்பை மாற்றிவிட்டு வேகமான ஓட்டத்தை மறுபடி தொடங்கினோம். வேகத்தால் பட்டி இடையில் பிளந்து ஏடு ஏடாக வந்தது. அதைச் சரிக்கட்ட அழுத்தத்தை ஏற்றினோம். அதனால் குறுணி களைத்துப் போனது. குளிசை உதிராமல் இருக்கக் குளிசை அடிப்பவர் தன்னுடைய இயந்திரத்தில் இன்னும் இறுக்கினார். கடைசியில் வந்த குளிசை பார்க்க மினுக்கமாக இருந்தது. நிறை சரி. உறுதி சரி. தண்ணீரில் உடைய நேரம் எடுத்தது. ஆனாலும் அனுமதித்த எல்லைக்குள்தான்.

மேலிடத்துக்கு அது போதும். வேலை முடிந்தது என்று எல்லோருக்கும் ஒரு நிம்மதி. எனக்கும்தான். நீர் மட்டும் அந்தக் குளிசைகளைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றீர்.

"எல்லைக்குள்ள தானேயப்பா" என்றேன்.

"ஓம். முழுக் குளிசை எல்லைக்குள்ள." நடுவில் இருந்த கோட்டில் பெருவிரல்களை வைத்து ஒன்றை முறித்தீர். ஒரு பக்கம் நேராக முறிந்தது. மறுபக்கம் நொறுங்கி மேசையில் கொட்டியது. "பிள்ளையளுக்கு அரைக் குளிசை. எந்த அரை?"

அதை மதாமிடமே போய்க் கேட்டீர். அவர் அதை மறந்திருக்கவில்லை. அரைக் குளிசைகளைச் சோதிப்பது அவருடைய திட்டத்தில் கடைசியில் இருந்தது. அப்படியென்றால் அதை இப்போதே செய்துவிடுவோம், பிறகு தெரிந்து என்ன பிரயோசனம் என்றார். ஒரு தட்டு நிறையக் குளிசைகளை அவரும் நீரும் எதிரெதிரே இருந்து கையால் முறித்து நிறை பார்த்தீர்கள். முடிவு நல்லதாக இல்லை. மதாம் பெருமூச்சு விட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மேலிடத்துக்குத் தொலைபேசி எடுத்தார். அந்த உரையாடல் கதவுக்கு வெளியேயும் கேட்டது. வேகத்தைக் குறைக்காமல் இந்த மருந்தைச் செய்ய முடியாது, வேண்டுமென்றால் வேறு ஆளைப் போட்டுப் பாருங்கள் என்று அவர் சொன்னார்.

பிறகு வந்த நாட்களைத்தான் நான் அடிக்கடி நினைப்பது. உருளைகளை மெதுவாக்கினோம். அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கினோம். திருகுப் பகுதியில் காற்றை உறிஞ்சி எடுக்க ஒரு வழி இருந்தது, அதைத் திறந்தோம். தூள் உருளைக்குப் போகுமுன்பே காற்று போய்விட, குறைந்த அழுத்தத்திலும் பட்டி பிளக்காமல் வந்தது. ஒருமுறை இடைவெளியை அகட்டிப் பார்த்தோம்; பட்டி தடித்து, ஓரமும் நடுவும் ஒரே இறுக்கமாக வரவில்லை. திரும்ப நெருக்கினோம். வலையைச் சற்றுப் பெரிய கண்ணுக்கு மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் கண்ணாடிக்கு அங்கால் இருந்து உம்முடைய குரல் பேச்சுக் குழாயில் வரும்.

"இன்னும் கொஞ்சம் குறையுங்கோ."

"காணுமோ?"

"பொறுங்கோ... பொறுங்கோ... ஓம், போதும், இதில விடுங்கோ."

அந்த முறை எடுத்த பட்டியை நீர் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தது எனக்கு இப்போதும் தெரிகிறது. இரண்டு கையாலும், குழந்தையின் உள்ளங்காலைப் பிடிப்பதுபோல. அந்தக் குறுணியில் அடித்த குளிசைகள் நேராக முறிந்தன. இரண்டு பாதியும் நிறையில் ஒன்றையொன்று ஒத்தன. தண்ணீரில் போட்டால் முதலில் சும்மா கிடந்து, பிறகு பூ விரிவதுபோல விரிந்து உடைந்தன. எந்தக் குளிசையை எடுத்துச் சோதித்தாலும் மருந்து ஒரே அளவில் இருந்தது. மதாம் உம்மைக் கட்டிப்பிடித்தார். நீர் சிரித்தீர். சிரித்துக்கொண்டே கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்தினீர். நான் வெளியே நின்றேன். தண்ணீர்க் குழாயை முழுவதும் திறந்துவிட்டிருந்தீர், ஆனாலும் கேட்டது.

அதற்குப் பிறகு சன்னலடியில் குவளைகள் குறைந்தன. ஒரு கோடை முழுவதும் ஒன்றுகூட இல்லை. அந்தக் கோடையில் நாங்கள் பின்னேரங்களில் கால்வாய்க் கரையால் நடந்தோம். நீர் தம்பியைப் பற்றிச் சிரித்துச் சிரித்துக் கதைத்தீர். கணக்குப் பாடத்துக்கு வயிற்றுக்குத்து வருவது, பக்கத்து வீட்டுச் சேவலுக்குப் பயப்படுவது. இனி எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன்.

உம்முடைய வருத்தம் புற்றுநோய் என்று தெரிய வந்தபோது அது ஈரலில் முழுவதும் பரவியிருந்தது. அதை எழுதப் போவதில்லை. உமக்குத் தெரியும். ஆனால் நீர் ஞாபகம் வைத்திருக்க முடியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆசுபத்திரியில் கடைசிக் கிழமை. மத்தியான நேரம். கடும் காய்ச்சல். தாதி சின்னக் கிண்ணத்தில் ஒரு காய்ச்சல் குளிசையை வைத்துவிட்டுப் போனா. நீர் அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தீர். ஓரத்தை நகத்தால் தடவினீர். பிறகு என்னுடைய கையை இழுத்து, உள்ளங்கையில் அதை வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மூடினீர்.

"தம்பி, விழுங்கடா. இது முழுசு. உடைக்கேல்லை. அக்கா உடைக்கேல்லை. நீ விழுங்கு."

உம்முடைய கண்கள் என்னைத்தான் பார்த்தன. ஆனால் அவற்றுக்குள் நான் இருக்கவில்லை.

"விழுங்கிட்டியே?"

நான் குளிசையை வாயில் போட்டேன். உம்முடைய குவளையை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். வாயைத் திறந்து காட்டச் சொன்னீர், திறந்து காட்டினேன்.

"ஓமக்கா. விழுங்கிட்டன்" என்றேன்.

நீர் தலையணையில் சாய்ந்தீர். முகத்தில் இருந்த இறுக்கம் போய்விட்டது. அப்படியொரு முகத்தை நான் எங்கள் கலியாணப் படத்தில்கூடக் காணவில்லை. தாதியிடம் போய் இன்னொரு குளிசை வாங்கி வந்து, கரைத்துக் கரண்டியால் தந்தேன். அதை விழுங்கியதும் நித்திரையாகிவிட்டீர்.

நீர் போன பிறகு நான் அந்த வேலையை விடவில்லை. விடச் சொல்லிப் பலர் சொன்னார்கள். அங்கே போனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளை அங்கி போட்ட யாராவது குனிந்து நிற்பார்கள். முதல் கணத்தில் அது நீராகத்தான் இருக்கும். அந்த ஒரு கணத்துக்காகவும் போகிறேன் என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

இந்த வருடம் அந்த மருந்தைப் பெரிய இயந்திரத்துக்கு மாற்றினார்கள். அகலமான உருளைகள். நாங்கள் கண்டுபிடித்த அழுத்தத்தையும் வேகத்தையும் அப்படியே போட்டேன். வந்தது வேறு பட்டி. அகலம் கூடினால் அதே அழுத்தம் அதே வேலையைச் செய்யாது. விட்டமும் வேறு, அதே சுற்றில் உருளையின் விளிம்பு வேகமாக ஓடும். எல்லாவற்றையும் முதலில் இருந்து தேட வேண்டியதாயிற்று. புதிதாகச் சோதனைக்கு வந்திருப்பவர் நல்ல பிள்ளை, பிரெஞ்சில் முடிவுகளைச் சொல்வா. நான் கேட்டு, தலையாட்டி, திருப்புவேன். திருப்பும்போது என் வாய் தமிழில் "காணுமோ?" என்று கேட்டுவிடும். ஒரு நாள் பேச்சுக் குழாயில் "பொறுங்கோ" என்று உம்முடைய குரல் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. கையை எடுத்துவிட்டுப் பொறுத்தேன். பட்டி மெல்ல மெல்லச் சீராகி வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. அந்தப் பிள்ளை சாப்பிடப் போயிருந்தா.

நேற்றுப் பின்னேரம் அரைக் குளிசைகளின் முடிவு வந்தது. எல்லாம் சரி. மதாம் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்குச் செய்தி அனுப்பினேன். பிறகு ரயிலில் ஏறினேன். சன்னல் பக்கத்தை விட்டுவிட்டு இருந்தேன். ஓல்னே தாண்டியதும் என்னை அறியாமல் பக்கத்தைப் பார்த்துச் சொன்னேன்:

"சரிவந்திட்டுதப்பா. ரண்டு பக்கமும் ஒரே அளவு."

"என்ன அண்ணை சரிவந்தது?"

நிமிர்ந்து பார்த்தேன். எதிர் இருக்கையில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தா. செவ்ரானில் ஏறியிருக்க வேண்டும். லா சப்பலில் ஒரு கடையில் பின்னேர வேலைக்குப் போகிறாவாம், பிறகு சொன்னா. என்னை விட வயது குறைவு. அந்தக் குரலில் கேலி இல்லை. ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

ஆனால் தூளில் இருந்து தொடங்கிவிட்டேன். ஈரம் படக் கூடாத ஒரு மருந்து என்றேன். இரண்டு உருளைகள் என்றேன். அவ விளங்கினாவோ இல்லையோ, குறுக்கே பேசவில்லை. பிறகு உம்மைச் சொன்னேன். டப்பாவைச் சொன்னேன். தறப்பாளில் காய வைத்ததை, பிளேட்டால் சுரண்டியதை, எல்லாவற்றையும். உம்மைத் தவிர வேறு யாரிடமும் இதை நான் கதைத்ததில்லை. உம்மிடம்கூட அந்த வாங்கில் ஒரு தடவைதான். கார் து நோர் வந்துவிட்டது. சனத்தோடு சனமாக இறங்கினோம். கதை முடியவில்லை. மேடையில் தூண் ஒன்றோடு ஒதுங்கி நின்றோம். எங்களைச் சுற்றி ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆசுபத்திரியில் நான் குளிசை விழுங்கியதோடு நிறுத்தினேன்.

அவ கண்ணைத் துடைக்கவில்லை. கைப்பையை மற்றக் கைக்கு மாற்றினா.

"அந்தத் தம்பிக்கு என்ன பேர், அண்ணை?"

ஒரு நிமிடம் எனக்கு வரவில்லை. நீர் எப்போதும் தம்பி என்றே சொன்னீர். நானும் அப்படியே நினைத்துப் பழகிவிட்டேன். உம்முடைய விசா அலுவலுக்காக ஒருமுறை அந்தப் பெயரை எழுதியிருக்கிறேன். வாயால் சொன்னதில்லை.

"நிரூபன்" என்றேன்.

"நிரூபன்" என்று அவவும் சொன்னா. பிறகு உம்முடைய பெயரையும் கேட்டா. அதையும் சொன்னேன். இரண்டையும் சேர்த்து ஒருமுறை சொல்லிப் பார்த்தா, தன்னுடைய வீட்டு ஆட்களைச் சொல்வதுபோல. "வேலைக்குப் பிந்திட்டுது, வாறன் அண்ணை" என்று படிகளில் ஏறிப் போனா.

நான் வீடு வரும் வழியெல்லாம் அந்தப் பெயரை மெல்லச் சொல்லிக்கொண்டு வந்தேன். நான் காணாத பொடியன். எனக்கு மைத்துனன். அவனுக்குக் கூடவோ குறையவோ என்று எனக்கு இன்னும் தெரியாது. யாரும் இனி அதை அளக்கப்போவதில்லை. ஆனால் அவனை நினைக்க உமக்குப் பிறகு இந்த ஊரில் ஒரு ஆள் வேண்டும். அது நான்தான். வாய் இன்னும் பழகவில்லை. சொல்லிச் சொல்லித்தான் பழக வேண்டும்.